வண்டி வந்து சேரும் வரை

ஆண்டுதோறும் பிப்ரவரி 15-ஆம் தேதி மாலை சரியாக 6.20 மணிக்குச் சிங்கப்பூர் முழுக்கச் சங்கு ஊதும். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். உணவங்காடியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தட்டில் கை வைப்பார்கள். 1942-இல் இதே நாள் மாலையில்தான் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், புக்கிட் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலையில் ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவிடம் சரணடைந்தார். அந்த நேரத்தை நாடு மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சங்கை ஒலிக்கச் செய்வது ராணுவம் என்றுதான் பலர் நினைப்பார்கள். அது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் வேலை.

இந்தப் படை தீயை அணைக்கிறது, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறது, இடிந்த கட்டடத்துக்குள் நுழைகிறது, ரசாயனக் கசிவை அடைக்கிறது. கட்டட வரைபடத்தில் தீப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் சரிபார்க்கிறது. இவ்வளவும் ஒரே சீருடையின் கீழ் வந்தது ஒரே நாளில் நடந்ததில்லை. 1888-இல் நகரத் தீயணைப்புப் படை, 1982-இல் தேசியக் குடிமைத் தற்காப்புத் திட்டம், 1989-இல் இரண்டும் ஒன்றானது என்று அதிகாரபூர்வ வரலாற்றை மூன்று வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஆண்டுகளுக்கு இடையில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆபத்து தெரிந்த நிமிடத்துக்கும் வண்டி வந்து சேரும் நிமிடத்துக்கும் நடுவே யார் இருந்தார்கள்? படையின் வரலாறு அந்த இடைவெளியைச் சுருக்கிய வரலாறு. அந்த இடைவெளியில் நின்றவர்களின் வரலாறு அதைவிடப் பழையது.

பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வந்திறங்கிப் பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. 1830 பிப்ரவரியில் பிலிப் ஸ்திரீட்டில் பிடித்த தீ மார்க்கெட் ஸ்திரீட்டுக்கும் பரவி மூன்று நாள் எரிந்தது. பலகையும் ஓலையுமாய் எழும்பியிருந்த வணிகத் தெருக்கள். தீயணைக்கவென்று ஓர் அமைப்பு அன்று கிடையாது. காவல்காரர்களும் துறைமுக மாலுமிகளும் கடைக்காரர்களும் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு போராட வேண்டியிருந்தது.

இன்னொரு கூட்டமும் இருந்தது: இந்தியக் கைதிகள். 1825 முதல் 1873 வரை சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களின் உழைப்பில்தான் அந்த நகரம் எழுந்தது. சாலை போட்டது, சதுப்பை மேடாக்கியது, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்த மெட்ராஸ் சுண்ணாம்பைப் பூசியது எல்லாம் அவர்கள் கை. ஊரில் தீப்பிடித்தால் அழைக்கப்பட்டவர்களும் அவர்கள்தான். காலில் விலங்கோடு வந்திறங்கியவர்கள் வணிகர்களின் சரக்கைக் காப்பாற்ற ஓடினார்கள். சிங்கப்பூரின் முதல் தீயணைப்பாளர்கள் யார் என்று கேட்டால் பொத்தான் போட்ட சீருடைக்கு முன்பு இவர்களைச் சொல்ல வேண்டும். இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் எடுத்துச் சொல்பவர்களும் குறைவு.

கோட்டைக் குன்றின் மீதிருந்த ஃபோர்ட் கேனிங் பீரங்கிகள் நேரம் அறிவிக்கவும் வெடிக்கும், தீயை அறிவிக்கவும் வெடிக்கும். சத்தம் கேட்டதும் ஓடலாம். ஓடிப்போய் என்ன செய்வது? தண்ணீர் வேண்டுமே. நகரம் கிணறுகளையும் ஆற்றையும் நம்பியிருந்தது. வற்று நேரத்தில் ஆற்றங்கரையில் சேறுதான் மிஞ்சும். 1857-இல் தான் கிம் செங் என்ற சீன வணிகர் குடிநீர்த் திட்டத்துக்கு 13,000 டாலர் கொடுத்தார். பணம் கிடைத்தும் வேலை இழுத்துக்கொண்டே போனது. 1870-களின் பிற்பகுதியில்தான் தாம்சன் சாலை நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. அதற்குள் கொடையாளி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தீயணைப்பின் வரலாற்றில் எஞ்சின்களுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது குழாய்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அழுத்தத்தோடு தண்ணீர் வராத ஊரில் எவ்வளவு நல்ல எஞ்சினும் பயன்படாது.

1888-இல் முறையான தீயணைப்புப் படை அமைந்தது. குதிரைகள் இழுத்துவரும் நீராவி எஞ்சின்களின் காலம் அது. 1900-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த மான்டேகு வில்லியம் பெட், படையைத் தொழில்முறைப் படையாக மாற்றினார். சில ஆண்டுகளில் குதிரைகளின் இடத்துக்கு மோட்டார் வண்டிகள் வந்தன. 1908-இல் ஹில் ஸ்திரீட்டில் எழுந்த மத்திய தீயணைப்பு நிலையம் இன்றும் பணியில் இருக்கிறது. செங்கல் சிவப்பும் சாந்து வெள்ளையும் மாறிமாறிப் பட்டைபோட்ட அந்தக் கட்டடத்தைக் கடந்துபோகும் யாரும் திரும்பிப் பார்க்காமல் போவதில்லை. அதன் கோபுரம் அழகுக்காகக் கட்டப்பட்டதன்று. உயரத்தில் நிற்கும் காவலர் நாலாபுறமும் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். தொலைபேசி பரவாத நகரத்தில் கோபுரத்து ஆள் புகையைக் காண்பதும் கீழே மணி அடிப்பதும்தான் முதல் தகவல். அப்போது சுற்றிலும் இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள்தான். இன்று அந்தக் கோபுரத்தில் ஏறினால் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிதான் தெரியும்.

அங்கே வேலை பார்த்தவர்களில் மலாய்க்காரர்கள் அதிகம். நிலையத்தை ஒட்டியே குடும்பத்தோடு குடியிருந்தார்கள். மணி அடித்தால் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்குவது கதைகளுக்காகச் சொல்வது போலத் தோன்றும். அவர்களுக்கு அது அன்றாடம்.

1941 டிசம்பர் 8 விடிகாலை இருள் பிரியும் முன் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நகரத்தில் விளக்குகள்கூட அணைக்கப்பட்டிருக்கவில்லை. ராஃபிள்ஸ் பிளேசிலும் சைனாடவுனிலும் விழுந்த குண்டுகளில் 61 பேர் இறந்தார்கள். புதிதாகத் திறந்திருந்த ராபின்சன்ஸ் கடையும் அடிவாங்கியது. அந்தக் கடையின் பெயர் இந்த வரலாற்றில் இன்னொரு முறை, இதைவிடக் கொடுமையாக வரப்போகிறது.

அடுத்த பத்து வாரங்கள் தீயணைப்புப் படையும், துணைப் படையில் சேர்ந்த தொண்டர்களும், விமானத் தாக்குதல் எச்சரிக்கைக் காவலர்களும் இரவு பகலாக அலைந்தார்கள். எண்ணெய்க் கிடங்குகள் எரிந்து வானம் கறுத்தது. பிப்ரவரி நடுவில் நீர்க்குழாய்கள் பல இடங்களில் உடைந்துபோய், அவற்றில் விடப்பட்ட தண்ணீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் போனது. தீயணைப்பாளரின் கையில் குழல் இருக்கிறது, குழலில் தண்ணீர் இல்லை. பத்து லட்சம் பேர் நெருங்கிக் கிடந்த ஊருக்கு இன்னும் ஓரிரு நாளுக்குத்தான் தண்ணீர் என்ற நிலை பெர்சிவலைச் சரணடையத் தள்ளிய காரணங்களில் முக்கியமானது. ஒரு பேரரசின் கோட்டை விழுந்ததைத் துப்பாக்கிகளின் கணக்கில் சொல்வது வழக்கம். உடைந்த குழாய்களின் கணக்கையும் சேர்த்துக்கொண்டால்தான் பிப்ரவரி 15-இன் சங்கு தீயணைப்பாளர்களிடம் வந்துசேர்ந்த பொருத்தம் விளங்கும்.

போருக்குப் பிறகு தீயின் முகவரி மாறியது. நகரின் ஓரங்களில் கம்பங்கள் எனப்படும் குடிசைக் குடியிருப்புகள் பெருகின. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, கொஞ்சம் வசதி வந்தால் துத்தநாகத் தகடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒதுங்கி நடக்கும் சந்து. மண்ணெண்ணெய் விளக்கிலும் விறகடுப்பிலும் வாழ்ந்த பெரிய கூட்டம். வண்டி சந்துக்குள் நுழைய முடியாது. பொதுக் குழாய் நெடுந்தூரத்தில் இருக்கும். ஆகவே கம்பத்து இளைஞர்களே குழு சேர்ந்தார்கள். இரவில் முறைவைத்து ரோந்து போனார்கள், வாளியும் மணலும் தயாராக வைத்தார்கள், தகரத்தைத் தட்டி ஊரை எழுப்பினார்கள். யாருடைய ஆணையும் இல்லாமல் எழுந்த தீயணைப்புப் படை அது. அந்தக் குழுக்களின் பெயர்ப் பட்டியலுக்கு அரசுப் பதிவேட்டில் இடமில்லை. ஆனால் 1950-களின் கம்பங்களில் உறங்கியவர்கள் நிம்மதியாக உறங்கியது அவர்களை நம்பித்தான்.

1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் புக்கிட் ஹோ சுவீ பக்கம் புகை எழுந்தது. காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து பிய்ந்த எரியும் ஓலைகள் சாலையைத் தாண்டிப் பறந்து அடுத்த கம்பத்தில் விழுந்தன. எண்ணெய்ப் பீப்பாய்கள் வெடித்தன. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும், சாமான்களோடு ஓடிவந்த கூட்டமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றதில் தீயணைப்பு வண்டிகளுக்கு வழியில்லை. விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்த படைவீரர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அழைக்க வேண்டியிருந்தது. குழாயில் அழுத்தமும் போதவில்லை. இரவுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. ஏறக்குறைய 16,000 பேருக்கு வீடில்லை.

இறந்தவர்கள் நான்கு பேர். இவ்வளவு பெரிய தீயில் இவ்வளவு குறைவான சாவு எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வண்டிகள் தடுமாறிய அந்தப் பிற்பகலில் மக்களை வெளியேற்றியது மக்களேதான். கிழவிகளை முதுகில் சுமந்தார்கள். பிள்ளைகளைக் கைமாற்றிக் கைமாற்றிச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். முன்பே தீயைக் கண்டிருந்த பகுதி அது. அந்த வட்டாரத்துக் கம்பங்கள் 1934-இலும் 1959-இலும் எரிந்திருந்தன. எதை எடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரிந்திருந்தது.

வீடிழந்தவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அவற்றில் ஒன்று கிம் செங் பள்ளி. நூறாண்டுக்கு முன் தண்ணீருக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் கொண்ட பள்ளியில், தண்ணீர் போதாமல் வீடெரிந்தவர்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்.

அடுத்து நடந்தது சிங்கப்பூரின் பெருமைக்குரிய கதையாகச் சொல்லப்படுகிறது. பெருமையில் உண்மை இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. லிம் கிம் சான் தலைமையில் அது எரிந்த மண்ணிலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. ஓராண்டுக்குள் முதல் குடும்பங்கள் குடியேறின. சில ஆண்டுகளில் பல ஆயிரம் வீடுகள். எரிந்த நிலத்தை மூன்றில் ஒரு பங்கு விலைக்குள் அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்யும்படி சட்டம் திருத்தப்பட்டது. நில உரிமையாளர் தீயில் லாபம் பார்க்கக் கூடாது என்பது அரசு சொன்ன நியாயம். அரசே தீ வைத்தது என்ற வதந்தி அந்த வட்டாரத்து முதியவர்களிடம் நெடுநாள் உலவியது. அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனாலும் அந்த வதந்தியை வெறும் அறியாமை என்று தள்ளிவிட்டால் ஓர் உண்மை கையைவிட்டுப் போகும். கம்பத்தை இழந்தவர்களில் பலர் அதை விட்டுவர விரும்பவில்லை. வாடகை வீட்டின் செங்கல் சுவர் பாதுகாப்பைக் கொடுத்தது. கோழிக்கூட்டையும், பக்கத்து வீட்டுக் கடனையும், முறைவைத்து ரோந்து போன இளைஞர் குழுவையும் அது திருப்பிக் கொடுக்கவில்லை.

மாடி உயர உயரத் தீயின் குணமும் மாறியது. 1972 நவம்பர் 21 காலை ராஃபிள்ஸ் பிளேசில் ராபின்சன்ஸ் பேரங்காடி எரிந்தது. அளவுக்கு மிஞ்சிய சுமையால் மின்கம்பியில் ஏற்பட்ட குறுக்குச்சுற்று காரணம். மின்சாரம் போனதும் மின்தூக்கிகள் நடுவழியில் நின்றன. ஒன்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்த மின்தூக்கிகளுக்குள் இருந்தவர்கள். தீ மூண்டால் மின்தூக்கியில் ஏறாதீர்கள் என்று இன்று ஒவ்வொரு கட்டடத்திலும் பொத்தானுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கும் வாசகத்தைச் சிங்கப்பூரர்கள் படிக்காமலே கடந்துபோகிறார்கள். அந்த ஊரில் அதற்குப் பின்னால் ஒரு நவம்பர் காலை இருக்கிறது. விசாரணைக்குப் பிறகு கட்டடங்களின் தீப் பாதுகாப்பு விதிகள் இறுகின. தீயணைப்புப் படை என்றால் எரிந்தபின் வருபவர்கள் என்ற நிலை மாறி, கட்டுமுன்பே வரைபடத்தைப் பார்ப்பவர்கள் என்ற நிலை அங்கிருந்துதான் வளர்ந்தது.

1977-இல் மருத்துவமனைகளிடமிருந்த அவசர ஆம்புலன்ஸ் சேவை தீயணைப்புப் படையின் கைக்கு வந்தது. இன்று 995 என்ற எண்ணை அழைத்தால் தீக்கும் மாரடைப்புக்கும் ஒரே இடத்திலிருந்து பதில். 1978 அக்டோபர் 12-ஆம் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்ப்புக்கு நின்றிருந்த ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. மதிய உணவு முடிந்து வேலைக்குத் திரும்பிய நேரம். 76 பேர் இறந்தார்கள். 1983 ஜனவரி 29 மாலை ஒரு துளையிடும் கப்பலின் கோபுரம் செந்தோசா கேபிள் கார் கம்பியில் சிக்கி, இரண்டு கூண்டுகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தனர். மற்றக் கூண்டுகளில் தொங்கிக்கொண்டிருந்த 13 பேரை விமானப்படை ஹெலிகாப்டர்கள் இருட்டில், காற்றில், கயிற்றில் ஆளை இறக்கி மீட்டன. ஒவ்வொரு முறையும் யாரோ வந்து காப்பாற்றினார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த யாரோ வேறு யாரோ. எந்த விபத்துக்கு எந்தப் படை தலைமை என்பது அன்றன்றைக்கு முடிவானது.

அந்த நிலைக்கு முடிவுகட்டியது தமிழர்கள் நன்கு அறிந்த ஒரு சாலை.

சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் ஆறு மாடியில் லியான் யாக் கட்டடம் நின்றது. கீழே வங்கி, அதற்கு மேலே இரவு விடுதி, அதற்கும் மேலே ஹோட்டல் நியூ வேர்ல்டு. 1986 மார்ச் 15, சனிக்கிழமை காலை 11.25 வாக்கில் அது இடிந்தது. சாய்ந்து விழவில்லை. நின்ற இடத்திலேயே அப்படியே கீழே அமர்ந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 50 பேர் உள்ளே. சனிக்கிழமை முற்பகல் கூட்டம் நிறைந்த வட்டாரம் அது. சாலையில் போனவர்களும் கடைக்காரர்களும் முதலில் கையாலேயே கல்லைப் புரட்டினார்கள். பிறகு காவல்துறை, தீயணைப்புப் படை, குடிமைத் தற்காப்புப் படை, ராணுவம் எல்லாம் வந்தன.

கனரக இயந்திரங்கள் மேலே இருந்து கான்கிரீட்டைத் தூக்கத் தொடங்கின. நகரத்தின் இன்னொரு மூலையில் பெருவிரைவு ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ், ஐரிஷ், ஜப்பானியச் சுரங்கத் தொழிலாளர்கள் செய்தி கேட்டுத் தாமாகவே வந்தார்கள். மேலே இருந்து தூக்கினால் கீழே உயிரோடிருப்பவர்கள் நசுங்குவார்கள், பக்கவாட்டில் குடைந்து போக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது கேட்கப்பட்டது. இடிபாட்டுக்கடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குக் குறுகிய சுரங்கங்கள் குடையப்பட்டன. அவ்வப்போது எல்லா இயந்திரத்தையும் நிறுத்தச் சொல்வார்கள். சாலையே மூச்சுவிடாமல் நிற்கும். உள்ளிருந்து முனகலோ தட்டலோ வருகிறதா என்று கருவிகளை வைத்துக் கேட்பார்கள். ராணுவத்தின் தலைமை மருத்துவ அதிகாரியே அந்தச் சுரங்கத்துக்குள் தவழ்ந்து போய்ச் சிக்கியவர்களுக்கு மருந்து கொடுத்தார். ஏறக்குறைய ஒரு வாரம் நீடித்த அந்த வேலையில் 17 பேர் உயிரோடு மீண்டார்கள். 33 பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணம் படிக்கும்போது இன்றும் திகைக்க வைக்கிறது. கட்டடத்தில் வரப்போகும் ஆட்கள், மேசை நாற்காலி, சாமான்கள் ஆகியவற்றின் எடையைக் கணக்கிட்டவர், அந்தக் கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்கவே மறந்திருந்தார். 1971 முதல் பதினைந்து ஆண்டுகள் அது நின்றதே அதிசயம். கூரைமேல் ஏற்றிய குளிரூட்டிக் கோபுரமும், சுவரில் ஒட்டிய ஓடுகளும், வங்கியின் பெட்டக அறையும் முடிவை விரைவுபடுத்தின. அவ்வளவுதான். அதே காலத்துக் கட்டடங்களை அரசு பரிசோதித்தது. ஒரு பொறியாளரின் கணக்கை அவரைச் சாராத இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 1989-இல் வந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 15-இல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் இணைந்தன. மறு ஆண்டு இடிபாடு, உயர மீட்பு, நீர் மீட்பு ஆகியவற்றுக்கென்றே பயிற்சி பெற்ற தனிப் பிரிவு உருவானது. அந்தப் பிரிவின் ஆட்கள் கற்கும் பாடங்களில் பெரும்பகுதி சிராங்கூன் சாலையில் ரயில் சுரங்கத் தொழிலாளர்கள் காட்டிக்கொடுத்தவை: மேலிருந்து தூக்காதே, தாங்கிப் பிடித்துக் குடை, இடையிடையே நிறுத்திக் கேள். எங்கிருந்தோ வந்து வேறெதற்கோ வேலை பார்த்தவர்களின் அறிவு ஒரு தேசியப் படையின் பாடத்திட்டமாக மாறியது.

குடிமைத் தற்காப்பு என்ற பாதியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1980-களின் தொடக்கத்தில், சின்ன நாடு தாக்கப்பட்டால் மக்கள் எங்கே ஒளிவார்கள் என்ற கேள்வியோடு அது பிறந்தது. நிலத்தடி ரயில் நிலையங்கள் சிலவற்றில் கனத்த எஃகுக் கதவுகள் பொருத்தி அவற்றைப் புகலிடமாக்கினார்கள். 1998 மே முதல் கட்டப்படும் புது வீடுகளில் பொதுவாக கெட்டியான கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட ஒரு சிறிய பாதுகாப்பறை கட்டாயம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குப் போனால் அடுப்படிப் பக்கம் பச்சை அல்லது வெள்ளைக் கதவாக அது தெரியும். உள்ளே அரிசி மூட்டை, பெட்டிகள், பிள்ளைகளின் பழைய சைக்கிள். போர் வராத வரை அது களஞ்சியம்தான். அப்படியே இருக்கட்டும் என்றுதான் எந்தக் குடும்பமும் வேண்டிக்கொள்ளும்.

படையின் உடல் பலம் பெரும்பாலும் தேசிய சேவையாளர்கள். பள்ளி முடித்த பையன்கள் இரண்டாண்டு சேவையில் வந்து தீக்குள் நுழைகிறார்கள். இதை எழுதும்போது இரண்டு மரணங்களைக் கடந்துபோக முடியாது. 2018-இல் சேவையை முடிக்கவிருந்த ஓர் இளைஞரைச் சகாக்கள் 'கொண்டாட்டம்' என்ற பெயரில் நிலையத்தின் ஆழமான நீர்க்கிணற்றில் தள்ளினார்கள். அவர் மூழ்கி இறந்தார். சம்பந்தப்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2022 டிசம்பரில் ஹெண்டர்சன் சாலை அடுக்குமாடி வீட்டில் தீயணைக்கச் சென்ற 19 வயது சேவையாளர் உயிரிழந்தார். முதல் மரணம் நடந்திருக்கவே கூடாதது. இரண்டாவது, அந்த வேலையின் உண்மையான விலை. இரண்டையும் ஒரே துக்கத்தில் கலந்துவிடக் கூடாது.

எல்லை தாண்டியும் படை போகிறது. 1990 ஜூலையில் பிலிப்பீன்ஸின் பாகியோ நகரத்து நிலநடுக்கத்துக்குப் போனது முதல் பயணம். அதன் பிறகு தைவான், ஆச்சே, கிறைஸ்ட்சர்ச், நேப்பாளம், துருக்கி. 2025 மார்ச் இறுதியில் மியன்மார் அதிர்ந்தபோது போன குழு, நான்கு மோப்ப நாய்களோடு மடகாஸ்கர் கரப்பான்பூச்சிகளையும் கொண்டுபோனது. முதுகில் சிறு கேமராவும் மின்சுற்றும் பொருத்திய பூச்சிகள். நாய் நுழைய முடியாத இடுக்கில் அவை நுழையும். மீட்புப் பணியில் இவற்றை உலகில் முதன்முறை பயன்படுத்தியது அங்கேதான். 1986-இல் சாலையையே நிறுத்திவைத்து முனகலுக்குக் காதுகொடுத்த ஊருக்கு, இடிபாட்டின் இடுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளூரில் படையின் முழுக் கவனமும் நிமிடங்கள் மேல்தான். தீ என்றால் எட்டு நிமிடத்துக்குள், ஆம்புலன்ஸ் என்றால் பதினோரு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. பெரிய வண்டி நுழையாத புளோக் ஓரங்களுக்காக 'சிவப்புக் காண்டாமிருகம்' என்ற சின்ன வண்டி 2000 வாக்கில் வந்தது. அதற்கும் முன்பே மோட்டார் சைக்கிள்கள். இதயம் நின்றுவிட்டால் மூளை பதினோரு நிமிடம் காத்திருக்காது என்பதால் 2015-இல் ஒரு கைப்பேசிச் செயலி வந்தது. பக்கத்தில் யாராவது மயங்கி விழுந்தால், நெஞ்சை அழுத்தப் பயின்ற அண்டைவீட்டுக்காரருக்கு அழைப்பு போகும். புளோக்கின் கீழே மின்தூக்கி வாசலில் இதயத்தை மீண்டும் இயக்கும் கருவி சுவரில் தொங்கும். கம்பத்து இளைஞர்கள் வாளியும் தகரமுமாய்ச் செய்ததை அரசு இப்போது செயலி வழியே மீண்டும் கட்டுகிறது. இது நல்ல திசை. அறுபது ஆண்டு தாமதம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

2025 ஏப்ரல் 8 காலை ரிவர் வேலி சாலையில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில் குழந்தைகள் சிக்கிக்கொண்டார்கள். சன்னலுக்கு வெளியே கரும்புகை. எதிரே வேலை நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்து இந்தியத் தொழிலாளர்கள் சாரக்கட்டையும் ஏணியையும் இழுத்துவந்து சுவரில் சாத்தி ஏறினார்கள். பிள்ளைகளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு இறக்கினார்கள். படை வந்துசேரும் முன் பத்துப் பேர் கீழே வந்துவிட்டார்கள். அன்று பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அந்தச் சாரக்கட்டு இல்லாமலிருந்தால் அந்த எண் எங்கே போயிருக்கும் என்பதைப் படம் பார்த்த எவரும் ஊகிக்கலாம்.

அதே ஆண்டு ஜூலை 26 மாலை தஞ்சோங் காத்தோங்கில் சாலை திடீரென உள்வாங்கி, ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று தண்ணீர் நிறைந்த பள்ளத்தில் விழுந்தது. பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் வேலையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். மேற்பார்வையாளர் தமிழ்நாட்டுக்காரர். நைலான் கயிற்றை வீசி, காரிலிருந்து வெளியே வந்திருந்த பெண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஏழு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அவர் மேலே இருந்தார். குடிமைத் தற்காப்புப் படை வந்தபோது மீட்பு முடிந்திருந்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வேலைதான் பாக்கி. அதிபர் தர்மன் அவர்களை அழைத்துப் பாராட்டினார். பொதுமக்கள் பல்லாயிரம் வெள்ளி திரட்டிக் கொடுத்தார்கள்.

இவர்களைப் போன்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை முடிந்து இரவில் விடுதிக்குத் திரும்புவது லாரிகளின் பின்தட்டில் உட்கார்ந்துதான். இருக்கை கிடையாது, வார்ப்பட்டை கிடையாது. லாரி மோதி அவர்கள் சாலையில் சிதறும்போது ஓடிவரும் ஆம்புலன்ஸ் இதே 995-இலிருந்து வருகிறது. ஆட்களை லாரியில் ஏற்றிச்செல்வதைத் தடைசெய்ய வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகிறது. செலவையும் சிறு நிறுவனங்களின் சிரமத்தையும் காட்டி அரசு இதுவரை முழுத் தடைக்கு இணங்கவில்லை.